பிள்ளைகளுக்குப் பேச இடங்கொடுப்போம்
(ஜமாஅத்தின் வருடாந்திரப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)

 

கல்விக் குழுவின் அறிக்கையைச் செயலாளர் அவர்கள் வாசிக்கக் கேட்டீர்கள். பட்டம் பெறும் பிள்ளைகள் நம் முஹல்லாவில் பெருகி வருகின்றனர், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் எழுத்துத் தேர்வில் தேறிய பிள்ளை நேர்முகத் தேர்வில் வாயடைத்துத் திரும்புவதையும் கண்டு வருகிறோம். அது குறித்தே இன்று சில சொற்கள் கூற விழைகிறோம்.

"ஆங்கிலம் வரவில்லை, ஹஜ்ரத்" என்பதே பெற்றோர் கூறும் காரணம். அது ஓரளவே உண்மை. சிவில் சர்வீசஸ் தேர்வில் மொத்தமுள்ள 2,025 மதிப்பெண்களில் 275 நேர்முகத்திற்குரியவை. அந்த நேர்முகத்தில் தமிழைத் தேர்ந்துகொள்ளவும் வழியுண்டு. மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளுக்கு 2016 ஜனவரி முதல் நேர்முகத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது மெய்யே. தனியார் நிறுவனங்களிலும் வளைகுடா வேலைகளிலும் அது நீங்கவில்லை. தமிழில் கேட்டாலும் நம் பிள்ளைகள் தடுமாறவே செய்கின்றனர்.

நாம் காணும் காரணம் வேறு. நம் வீடுகளில் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பவர் யார்? கேள்வியும் நம்முடையது, பதிலும் நம்முடையது. ஜமாஅத் கூட்டங்களிலோ நாற்காலி போடவும் தேநீர் கொடுக்கவுமே இளைஞர்களை அழைக்கிறோம். இருபத்திரண்டு ஆண்டுகள் வாய்மூடி இருந்தவன், முன்பின் அறியாத ஐவர் முன்னால் அரைமணி நேரம் தெளிவாகப் பேச வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமா?

பேச்சுக்கு உதவி நாடுவது இழிவன்று. ஃபிர்அவ்னிடம் அனுப்பப்பட்டபோது, தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு மூஸா (அலை) அவர்கள் இறைஞ்சினார்கள். தம்மினும் நாவன்மை மிக்க சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகக் கேட்டார்கள். அரபிக் கல்லூரிகளில் வாரந்தோறும் பேச்சுப் பயிற்சி நடைபெறுகிறது. அங்கே கால் நடுங்க எழுந்து நின்ற மாணவரே பின்னாளில் மிம்பரில் ஏறுகிறார்.

எனினும் மேடை வேறு, நேர்முகம் வேறு. பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கிய பிள்ளையும் நேர்முகத்தில் தோற்பதுண்டு. கேள்வி முடியுமுன் பதிலைத் தொடங்கி, கேளாததையெல்லாம் முழங்குகிறான். நபி (ஸல்) அவர்களின் பேச்சு, ஒருவர் எண்ண விரும்பினால் எண்ணிவிடக்கூடிய நிதானத்தில் இருந்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். குத்பாவைச் சுருக்குவது மார்க்க விளக்கத்தின் அடையாளம் என்றும் வந்துள்ளது. (சிலர் புன்னகைக்கிறீர்கள். வெள்ளிதோறும் நீங்கள் கடிகாரத்தைப் பார்ப்பது மிம்பரிலிருந்து நன்றாகவே தெரிகிறது.)

"உங்களைப் பற்றிக் கூறுங்கள்" என்பது பெரும்பாலும் முதல் கேள்வி. நம் பிள்ளை பெயர், தகப்பனார் பெயர், ஊர், மதிப்பெண் என்று ஒப்பிக்கிறான். அவையெல்லாம் கேட்பவரின் கையிலுள்ள தாளிலேயே இருக்கின்றன. விடுமுறைதோறும் வாப்பாவின் கடையில் நின்றதைச் சொல்ல வெட்கப்படுகிறான். கணக்கு எழுதியிருக்கிறான், கோபத்தோடு வந்த வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தியிருக்கிறான், கடன் கேட்டவருக்கு மனம் நோகாமல் மறுப்புச் சொல்லியிருக்கிறான். நேர்முகத்தில் தேடுவதே இத்தகைய அனுபவத்தைத்தான். அதை இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழக்க வேண்டும்.

தெரியாத கேள்விக்கு மழுப்புவது அனுபவமுள்ளவரிடம் எடுபடாது. ஹிஜ்ரி 179-இல் மறைந்த மதீனாவின் பேரறிஞர் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் நாற்பதுக்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்கப்பட்டபோது, அவற்றில் பெரும்பாலானவற்றிற்குத் 'தெரியாது' என்றே பதிலளித்ததாக வரலாறு கூறுகிறது. அவர்களுக்கே கூச்சமில்லாத சொல் நம் பிள்ளைக்கு ஏன் கசக்க வேண்டும்?

எனவே நிர்வாகத்தின் முன் ஒரு கோரிக்கை வைக்கிறோம். சனிக்கிழமைதோறும் இஷாவுக்குப் பின் மதரஸா கூடத்தில் ஒரு மணிநேரம் ஒதுக்கித் தாருங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் அலுவலர்களும் நம்மில் உள்ளனர். அவர்கள் எதிரே அமர்ந்து கேள்வி கேட்கட்டும். பிள்ளைகள் தம் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து தாமே கேட்கட்டும். பெண் பிள்ளைகளுக்கு நிஸ்வான் மதரஸாவில் ஆசிரியைகளைக் கொண்டு இதே ஏற்பாடு வேண்டும். படிப்பில் முந்தி நிற்பவர்கள் அவர்களே.

இன்னொன்று. அடுத்த ஆண்டு கல்விக் குழு அறிக்கையை ஓர் இளைஞர் வாசிக்கட்டும். உங்கள் கேள்விகளுக்கும் அவரே பதில் கூறட்டும். இடையில் அவர் திணறினால், முன்வரிசையிலுள்ள பெரியோர்கள் தயவுசெய்து சொல் எடுத்துக் கொடுக்க வேண்டாம். அவர் முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.