பிள்ளைக்கு ஒரு டின் மண்

(சீனன்குடாவில் கூடிய தோட்டப் பெற்றோர், முன்பள்ளி ஆசிரியைகள் முன் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்து இறங்கியதும் உங்களில் பலர் கேட்டது, "என்னங்க, இப்பிடி வெக்கையா இருக்கு?" என்பதுதான். ஆனாலும் சீனன்குடா நமக்கு அந்நிய ஊர் அல்ல. நாம் ரொட்டி சுடும் கோதுமை மாவை அரைக்கும் பிரிமா ஆலை 1980 முதல் இங்கேதான் இருக்கிறது. இன்று நாங்கள் பேச வந்தது மாவைப் பற்றி அல்ல, பூவைப் பற்றி.

பிள்ளைகளின் ஆங்கிலப் பாடத்தில் 'ஸ்பிரிங்' வருகிறது. வசந்தம் என்கிறோம். பனி உருகி, மரம் துளிர்த்து, பூப் பூக்கும் காலம். அது குளிர் நாட்டுக் கணக்கு. நமக்கு மழைதான் கணக்கு. சீனன்குடாவுக்குப் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரை வருகிறது. மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் காயாத தை, மாசியில் இங்கே பூச்செடி செழிக்கும். ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவிலோ ஏப்ரல்தான் பூக்காலம். சின்ன நாடு, ஆனால் இரண்டு வசந்தம்! உங்கள் தோட்டத்து வசந்தம் எப்போது? அதைப் புத்தகம் சொல்லாது. விதை ஊன்றிப் பார்க்கிற பிள்ளை சொல்லும்.

நம் பிள்ளைகள் செடிகளுக்கு நடுவே பிறந்தவர்கள். ஆனால் செடி என்றால் அவர்களுக்கு அம்மாவின் வேலை. கொழுந்தும் நிறையும் பெரட்டும்தான் தெரியும். தேயிலை பூக்கும் என்பது எத்தனை பிள்ளைக்குத் தெரியும்? வெள்ளை இதழும் நடுவில் மஞ்சளுமாக எவ்வளவு அழகான பூ! கொழுந்துக்காகக் கிள்ளிக் கிள்ளி, கவ்வாத்து வெட்டி வைத்திருப்பதால் அதிகம் பூப்பதில்லை. வெட்டாமல் விட்ட மரத்தில் பிள்ளைக்குக் காட்டுங்கள்.

லயத்தில் நமக்குச் சொந்தமென்று ஒரு முழ மண் இல்லாத வீடுகள் ஏராளம். அதனால்தான் சொல்கிறோம், பிள்ளைக்குத் தன்னுடையது என்று ஒரு டின் மண்ணாவது கொடுங்கள்.

பழைய பால்மா டின் போதும். அடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். மருந்தடித்த வெற்றுக் கேனை மட்டும் எவ்வளவு கழுவினாலும் எடுக்க வேண்டாம். மண், மணல், மக்கிய சாணம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். காசித்தும்பை விதை போட்டால் இரண்டு மாதத்துக்குள் பூக்கும். முற்றிய காயைத் தொட்டதும் 'பட்'டென்று வெடித்து விதை சிதறும். பிள்ளை அதை மறக்காது. வெயில் விழும் இடமானால் பத்துமணிப்பூவின் தண்டை ஒடித்து நட்டாலே போதும். பொழுது சாயும்போது விரியும் அந்திமந்தாரையும் பக்கத்தில் இருந்தால், வாசலில் இரண்டு கடிகாரம் இருக்கிற மாதிரி.

ஒரு பழைய கொப்பியில் தேதி, உயரம், இலை எத்தனை, மழையா வெயிலா என்று பிள்ளையே எழுதட்டும். கணக்கும் எழுத்தும் அங்கேயே வந்துவிடும்.

நாங்கள் பார்த்த முன்பள்ளி ஒன்றில் ஒரு சிறுமி விதையைத் தினமும் தோண்டிக்கொண்டிருந்தாள். "ஏம்மா தோண்டுற?" என்று கேட்டோம். "உள்ள உசிரோட இருக்கான்னு பாக்குறேன் டீச்சர்" என்றாள். விதை கெட்டுப் போயிற்று. நாங்கள் அவளைத் திட்டவில்லை. கண்ணாடிக் கிளாஸின் உள்பக்கம் ஈரக் கடதாசியை ஒட்டி, இடையில் பயறு வைத்துக் கொடுத்தோம். இரண்டு மூன்று நாளில் வேர் கீழே போவதைத் தோண்டாமலே கண்டாள். கேள்வி கேட்கிற பிள்ளையை அடக்காதீர்கள். அந்தக் கேள்விதான் படிப்பு.

முன்பள்ளியை நாம் 'மொண்டிசோரி' என்று சொல்கிறோமே, அந்த மரியா மொண்டிசோரி அம்மையார் இத்தாலியர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1944 வரை, நம்மைப் போல மலையில், கொடைக்கானலில் இருந்தார். செடி வளர்க்கும் பிள்ளை காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது என்பது அவர் வலியுறுத்திய பாடங்களில் ஒன்று.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, டின்னிலும் தட்டிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். 2017இல் இலங்கையில் 1,80,000 பேருக்கும் மேல் டெங்கு கண்டது. இங்கிருந்து கிட்ட இருக்கும் கிண்ணியா அப்போது பட்ட பாடு பெரிது. இரண்டாவது, அலரி, ஊமத்தை, கார்த்திகைப்பூச் செடிகள் நஞ்சு. எந்தப் பூவையும் பார்க்கலாம், வாயில் வைக்கக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

போகும்போது குடும்பத்துக்கு ஐந்து அந்திமந்தாரை விதை தருகிறோம். அதே விதையை இங்கேயும் ஊன்றுகிறோம். எங்கே முதலில் முளைக்கிறது, எங்கே முதலில் பூக்கிறது? வெக்கையில் இருக்கிற எங்கள் செடியா, குளிரில் இருக்கிற உங்கள் செடியா? பதிலைப் பெரியவர்கள் எழுத வேண்டாம். பிள்ளைகளின் கையெழுத்திலேயே வரட்டும், காத்திருக்கிறோம்.