சிங்க் தண்ணீர் மெதுவாக இறங்கினால்...



தீபாவளிக்கு மறுநாள் காலை. சிங்கப்பூரில் ஒரு வீவக வீட்டின் சமையலறை. முறுக்குப் பொரித்த சட்டி, ஆட்டுக்கறி வைத்த பாத்திரம் எல்லாம் கழுவியாகிவிட்டது. ஆனால் சிங்க்கில் தண்ணீர் இறங்க யோசிக்கிறது. "போய்க்கிட்டுத்தானே இருக்கு, விடு" என்கிறார் வீட்டுக்காரர். "அடைப்பு மருந்து ஒரு போத்தல் வாங்கி ஊத்தும்மா" என்கிறார் மாமியார்.

இரண்டுமே சரியில்லை. தண்ணீர் மெதுவாகவாவது போகும்போது கவனித்தால், பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது.

ஆட்டுக் கொழுப்பும் நெய்யும் சூடாக இருக்கும்போது தண்ணீராக ஓடும். குழாய்க்குள் ஆறியதும் மெழுகுபோல் ஒட்டிக்கொள்ளும். சோற்றுப் பருக்கையும் தேயிலைத் தூளும் அதில் வந்து சேரும். இது அதிகம் சேருமிடம், சிங்க்குக்கு நேர் கீழே கிண்ணம்போல் தொங்கும் பகுதி. சாக்கடை வாடையும் கரப்பான்பூச்சியும் மேலே வராமல் தடுக்க அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்.

முதலில் ரப்பர் பம்பால் அழுத்திப் பார்க்கலாம். இரட்டைச் சிங்க் என்றால் மற்றத் துவாரத்தை ஈரத்துணியால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று அந்த வழியே போய்விடும். அதற்கும் மசியாவிட்டால் கீழே ஒரு வாளியை வைத்து, கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றிக் கழுவலாம். கையுறை போட்டுக்கொள்வது நல்லது; உள்ளே இருப்பதைப் பார்த்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. காணாமல் போன தோடும் சில சமயம் அங்கேதான் கிடைக்கும்! திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையத்தை மறந்துவிடக் கூடாது.

கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் பிளாஸ்டிக் குழாய் இளகக்கூடும். சோடா மாவும் வினிகரும் நுரைப்பதோடு சரி, கட்டிய கொழுப்பை அவ்வளவாக அசைக்காது.

இப்போது அந்த மருந்துக்கு வருவோம். பலவற்றில் இருப்பது காஸ்டிக் சோடா. தோலையும் கண்ணையும் அரிக்கக்கூடியது. இரவில் ஊற்றுகிறார்கள், அடைப்பு போகவில்லை. மறுநாள் குழாய் பழுதுபார்ப்பவரை அழைக்கிறார்கள். மருந்து ஊற்றியதை யாரும் சொல்வதில்லை. அவர் சிங்க்குக்கு அடியில் தலையை நுழைத்துக் கிண்ணத்தைத் திருகுகிறார். உள்ளே தேங்கி நிற்பது அவர் முகத்தில் கொட்டினால்?

ஆகவே, ஊற்றியிருந்தால் அவர் கருவிப்பையைத் திறக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஊற்றிய பிறகு வீட்டிலுள்ளவர்கள் பம்பு போடவோ கிண்ணத்தைக் கழற்றவோ கூடாது. ஒரு மருந்து கேட்கவில்லை என்று இன்னொன்றை ஊற்றுவது அதைவிட ஆபத்து. குளோரின் கலந்த வெளுப்பானும் அமிலமும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். கண்ணில் பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். கழுவிக்கொண்டிருக்கும்போதே மற்றவர் 995-ஐ அழைக்க வேண்டும்.

வீட்டில் எல்லாக் குழாயும் மூடியிருந்தும் தண்ணீர் பொங்கி மேலே வந்தால், அடைப்பு அநேகமாகப் புளோக்கின் பொதுக் குழாயில் இருக்கும். அதற்கு நகர மன்றத்தைத்தான் கூப்பிட வேண்டும்.