உடையும் வாள், பழகும் கை



இன்றைக்கு ஒரு வீடியோ கேமைப் பற்றிப் பேசப்போகிறேன். கேம் விளையாடாதவர்கள் வானொலியை அணைத்துவிட வேண்டாம். ஆப்பிள் பறிப்பது, காளான் பொறுக்குவது, மிளகாய் போட்டு இறைச்சி சமைப்பது, குளிருக்குச் சட்டை தேடுவது என்று அதில் பாதி நேரம் இப்படிப்பட்ட வேலைகளில்தான் போகிறது. மீதி நேரத்தில்தான் சண்டை. அந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்ட விதத்தைத்தான் சொல்ல வந்தேன்.

விளையாட்டின் பெயர் ‘தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்’. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 2017 மார்ச் 3 அன்று வெளியிட்டது. அந்த நிறுவனத்தின் ஸ்விட்ச் கருவி கடைக்கு வந்ததும் அதே நாளில்தான். அந்தக் கருவிக்காக மட்டும் 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. கதை எளிமையானது. லிங்க் என்கிற இளைஞன் நூறு ஆண்டுத் தூக்கத்திலிருந்து எழுகிறான். பழைய நினைவு எதுவும் இல்லை. ஹைரூல் என்கிற அவன் நாடு சிதைந்து கிடக்கிறது. தூரத்துக் கோட்டையில் கேனன் என்கிற தீய சக்தி. அதை இளவரசி ஸெல்டா தனியாளாகத் தடுத்து நிறுத்திவைத்திருக்கிறாள். லிங்க் போய்க் கேனனை வீழ்த்த வேண்டும். அவன் உயிர்பலம் மூன்றே மூன்று இதயங்கள். ஓங்கி இரண்டு அடி விழுந்தால் கதை முடிந்தது.

இப்படிப்பட்ட விளையாட்டுகளுக்கு ஒரு பழைய இலக்கணம் உண்டு. 1986இல் ஜப்பானில் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ அதை நிலைநாட்டியது. சின்னச் சின்ன எதிரிகளை அடித்துக்கொண்டே இருந்தால் அனுபவப் புள்ளிகள் சேரும். புள்ளி சேர்ந்தால் நாயகனின் லெவல் ஏறும். நேற்று அடிக்க முடியாத பூதத்தை இன்று அடித்துவிடலாம். விளையாடும் பிள்ளைகள் இதை கிரைண்டிங் என்கிறார்கள். பொறுமை இருந்தால் போதும், திறமை அவ்வளவாகத் தேவையில்லை. எனக்கு இதில் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. பயிற்சி பெற்றது யார்? திரையில் இருக்கிற எண்தான் வளர்ந்திருக்கிறது. பொத்தானை அழுத்துகிற ஆள் அப்படியேதான் இருக்கிறார்.

அதே 1986இல்தான் முதல் ஸெல்டா விளையாட்டும் வந்தது. அதை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ, கியோட்டோவை அடுத்த சோனொபே என்ற ஊரில் சிறுவனாகக் காடு மேடெல்லாம் சுற்றியவர். ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு குகைக்குள் நுழைந்த அனுபவம்தான் அந்த விளையாட்டுக்கு வித்து என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அதில் லெவல் கிடையாது. முப்பத்தோரு ஆண்டு கழித்து இயக்குநர் ஹிடெமாரோ ஃபுஜிபயாஷியும் தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமாவும் திரும்பவும் அந்தக் குகை வாசலுக்குத்தான் போனார்கள். புதிய விளையாட்டின் யோசனைகளைச் சோதிக்க, முதல் ஸெல்டாவைப் போலவே தட்டையான ஒரு மாதிரியைச் செய்து விளையாடிப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த விளையாட்டில் ஓர் எதிரியைக் கொன்றால் லிங்க்கின் பலம் ஒரு துளிகூடக் கூடாது. நூறு பேரைக் கொன்றாலும் அப்படித்தான். நாடெங்கும் 120 சிறு கோயில்கள் இருக்கின்றன. அவற்றின் புதிரை அவிழ்த்தால் ஓர் ஒளிக்கோளம் கிடைக்கும். நான்கு கோளம் சேர்த்தால் ஓர் இதயமோ, கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் சக்தியோ வாங்கிக்கொள்ளலாம். அப்படியானால் சண்டை போட்டு என்ன லாபம்? எதிரியின் கையில் இருக்கிற ஆயுதம், அவன் உடம்பில் இருக்கிற கொம்பு, பல். அவ்வளவுதான். அந்த ஆயுதமும் கொஞ்ச அடிகளிலேயே தெறித்து உடைந்துபோகும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சமவெளிக்கு இறங்கும் முன் லிங்க் ஓர் உயரமான பீடபூமியில் இருப்பான். நான்கு பக்கமும் செங்குத்துப் பாறை. விளையாட்டின் பள்ளிக்கூடம் இதுதான், ஆனால் வாத்தியார் யாரும் பாடம் நடத்துவதில்லை. ஒரு கிழவர் இருக்கிறார், அடுப்பருகே உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு கோடரி கிடக்கும். எடுத்தால் திட்ட மாட்டார். அதை வைத்து மரம் வெட்டலாம், எதிரியையும் வெட்டலாம், வெட்டிய மரத்தைப் பள்ளத்தின் குறுக்கே விழச்செய்து பாலமாகவும் ஆக்கலாம். கொஞ்சம் மேலே போனால் பனிமலை. உள்ளே நுழைந்தால் குளிரில் இதயம் ஒவ்வொன்றாகக் கரையும். காரமான மிளகாயைப் பறித்துச் சமைத்துச் சாப்பிட்டால் கொஞ்ச நேரத்துக்குக் குளிர் தெரியாது. தீப்பந்தம் பிடித்துக்கொண்டு போனாலும் சமாளிக்கலாம். மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. கிழவர் தன் குறிப்பேட்டில், இறைச்சியும் மீனும் சேர்த்துச் செய்கிற ஒரு காரமான பதார்த்தத்தின் செய்முறை மறந்துவிட்டதே என்று புலம்பியிருப்பார். சேர்மானத்தில் மிளகாயையும் போட்டு அதைச் செய்து கொண்டுபோனால், மகிழ்ந்துபோய்த் தன் கம்பளிச் சட்டையையே கொடுத்துவிடுவார். பலர் அந்தக் குறிப்பேட்டைப் படிக்காமலே பனிமலையைத் தாண்டிவிடுகிறார்கள். விளையாட்டு அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

சமையலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் போர்த் தயாரிப்பு என்பதே இங்கே அடுப்படியில்தான் நடக்கிறது. ஒரு பாத்திரத்தில் ஐந்து பொருள் வரை போடலாம். குளிரைத் தாங்க வைப்பது, வேகம் தருவது, அடியை வலுவாக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். இரண்டு வேறு குணங்களைக் கலந்தால் இரண்டுமே போய்விடும். ஆசைப்பட்டு எல்லாவற்றையும் அள்ளிப் போட்டால் வெறும் சாப்பாடுதான் மிஞ்சும். பூச்சி, தவளை, பல்லியோடு அரக்கர்களின் கொம்பையோ பல்லையோ வேகவைத்தால் மருந்துக் கஷாயம் கிடைக்கும். தெற்கே ஃபாரான் என்கிற மழைக்காட்டில் துரியன் பழம் விளைகிறது. மலேசியா, சிங்கப்பூர் நேயர்களுக்கு அந்தப் பழத்தையும் அதன் வாசனையையும் நான் விளக்க வேண்டியதில்லை. ஐந்து துரியனைச் சேர்த்து வேகவைத்துச் சாப்பிட்டால், இழந்த இதயமெல்லாம் திரும்புவதோடு கூடுதலாக இருபது இதயம் தற்காலிகமாகச் சேரும். இந்த ரகசியம் தெரிந்த பிறகு பலர் அந்தக் காட்டுக்கே குடிபோய்விட்டார்கள். நான் சொல்வேன், அது கொஞ்சம் சோம்பேறித்தனம். ஆனால் விளையாட்டு அதையும் அனுமதிக்கிறது.

இப்போது உடைகிற ஆயுதத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டைப் பற்றி வந்த புகார்களில் முதலிடம் இதற்குத்தான். உயிரைக் கொடுத்து ஒரு நல்ல வாளைச் சம்பாதிக்கிறோம். நாலு சண்டையில் அது பொடிப்பொடியாகிறது. யாருக்குத்தான் எரிச்சல் வராது? அதனால் பலர் நல்ல வாளை எடுப்பதே இல்லை. கல்யாணப் பட்டைப் பீரோவிலேயே வைத்திருப்பது போல, பெரிய சண்டைக்கு ஆகட்டும் என்று பையில் பூட்டிவைத்து, கடைசியில் விளையாட்டு முடியும்போதும் அது அப்படியே மடிப்புக் கலையாமல் இருக்கும். என் கட்சி வேறு. வாள் உடையாமலே இருந்திருந்தால், முதல் நல்ல வாள் கிடைத்த அன்றே எல்லாரும் யோசிப்பதை நிறுத்தியிருப்பார்கள். உடைவதால்தான் சுற்றிலும் பார்க்கத் தோன்றுகிறது. எதிரிகளின் முகாமுக்கு மேலே மலைச்சரிவில் ஓர் உருண்டைப் பாறை நிற்கிறதே, அதைத் தள்ளினால் என்ன? அவர்கள் பக்கத்தில் வெடிமருந்துப் பீப்பாய் இருக்கிறதே, ஒரு தீ அம்பு விட்டால் என்ன? புல்லுக்குத் தீ வைத்தால் காற்று மேலெழும். அதில் பாராக்ளைடர் என்கிற பறக்கும் துணியை விரித்தால் நாமும் எழலாம், அந்தரத்திலிருந்து அம்பு விடலாம். இடி இடிக்கும்போது உலோக ஆயுதம் வைத்திருந்தால் நம்மேலேயே மின்னல் இறங்கும். அதே உலோக வாளை எதிரி பக்கம் வீசிவிட்டால்? அவன் எடுத்துக்கொள்வான், மின்னல் அவனைப் பார்த்துக்கொள்ளும். உடையப்போகிற நேரத்தில் வாள் மின்னி எச்சரிக்கும். அப்போது அதைத் தூக்கி எறிந்தால் அடி இரண்டு மடங்காக விழும். போகிற பொருளைக்கூடக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கச் சொல்கிற விளையாட்டு இது.

நேருக்கு நேர் சண்டைக்கும் முறையான பயிற்சிக்கூடம் ஒன்று உண்டு. ககாரிகோ என்கிற மலைக் கிராமத்துக்கு மேலே ஒரு கோயில். உள்ளே ஒரு சிறு காவல் பொறி நம்மோடு மோதும். பக்கவாட்டில் துள்ளு, பின்னால் குட்டிக்கரணம் போடு, கேடயத்தைச் சரியான கணத்தில் முன்னால் தள்ளு, வாளை ஓங்கி வைத்திருந்து அடி என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தரும். சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும். கைக்கு வர நாள் ஆகும். எதிரியின் அடி விழுகிற கடைசிக் கணத்தில் விலகினால் காலமே மெதுவாகிவிடும்; அந்த இடைவெளியில் நாம் சரமாரியாக அடிக்கலாம். சற்று முன்னதாகத் துள்ளினாலும் தாமதமாகத் துள்ளினாலும் பலிக்காது. கார்டியன் என்று ஒரு ராட்சதப் பொறி வயல்வெளிகளில் திரிகிறது. அதன் ஒளிக்கற்றை ஒன்று பட்டால் புதிதாக வந்தவர் காலி. ஆனால் அந்தக் கற்றையைக் கேடயத்தால் சரியான கணத்தில் தட்டினால், அது வந்த வழியே திரும்பிப் பொறியையே தாக்கும். கேடயம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அண்டாவை மூடுகிற மரமூடி ஒன்று கேடயமாகக் கிடைக்கிறது. அதை வைத்தே இதைச் செய்யலாம். இந்த ஓர் இடத்தில் மூடியின் விலையும் ராஜகேடயத்தின் விலையும் ஒன்றுதான்.

ஒதுங்கிப் போவதும் பயிற்சியில் சேர்த்திதான். ஸோரா என்கிற மீன்குல மக்களின் கதையில் மின்சார அம்பு இருபது கொண்டுவா என்று லிங்க்கை ஒரு மலைக்கு அனுப்புவார்கள். அந்த மலையில் லைனல் என்கிற மிருகம் உலாவும்: இடுப்புக்கு மேலே சிங்க முகமும் மனித உடலும், கீழே குதிரை. அந்த நேரத்தில் அதோடு மோதுவது தற்கொலை. மரங்களில் குத்தி நிற்கிற அம்புகளைப் புல்லுக்குள் பதுங்கிப் பதுங்கிப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். பிறகு ஒரு நாள், கை பழகிய பிறகு, அதே மலைக்கு நாமாகவே ஏறிப்போவோம்.

எதிரிகளும் சும்மா இருப்பதில்லை. எவ்வளவு கொன்றோம் என்று விளையாட்டு நமக்குத் தெரியாமல் கணக்கு வைத்துக்கொண்டே வருகிறது. சிவப்பு அரக்கர்கள் இருந்த இடத்தில் நீலமும், பிறகு கறுப்பும், கடைசியில் வெள்ளி நிறத்தவர்களும் வருவார்கள். அவர்கள் கையில் ஆயுதமும் உயரும். அவ்வப்போது செந்நிலா உதிக்கும். செத்தவர்கள் எல்லாரும் எழுந்துவிடுவார்கள்.

பொருள் சேர்ப்பதிலேயே மயங்கிக் கிடப்பவர்களுக்கு நிண்டெண்டோ ஒரு குறும்பும் வைத்திருக்கிறது. காடெங்கும் ஒளிந்திருக்கிற குட்டி வனதேவதைகள் ஆளுக்கு ஒரு விதை தருவார்கள். அதைக் கொடுத்தால் ஆயுதப் பை பெரிதாகும். பையை முழுதாகப் பெருக்க 441 விதை போதும். உலகில் இருப்பதோ 900. அத்தனையையும் தேடிப் பிடித்தவருக்கு ஒரு பரிசு உண்டு: தங்க நிறத்தில், சுருள் சுருளாக, நாற்றமடிக்கிற ஓர் உருண்டை. அது என்ன என்று வானொலியில் சொல்ல முடியாது.

எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த இடம், தென்கிழக்குக் கடலில் இருக்கிற ஈவன்டைட் என்கிற தீவு. தொலைவிலிருந்து பார்த்தால் சாதாரணத் தீவு. காலை வைத்ததும் ஒரு குரல் கேட்கும். லிங்க்கிடம் இருந்த வாள், வில், கேடயம், உடுப்பு, துரியன் குழம்பு உட்பட எல்லாம் மறைந்துவிடும். தீவில் சிதறிக் கிடக்கிற மூன்று கோளங்களை மூன்று பீடங்களில் வைத்தால்தான் பரிசும் பொருளும் கிடைக்கும். ஒரு கோளம் தூங்குகிற ஒற்றைக்கண் ராட்சதனின் கழுத்தில் தொங்குகிறது. கரையில் ஒதுங்கிய கட்டை, மரத்துப் பழம், அரக்கனிடம் பிடுங்கிய தடி, இவைதான் கையில். விளையாட ஆரம்பித்தபோது பீடபூமியில் இருந்த அதே வறுமை. ஆனால் அன்றைக்குத் திணறியவர் இன்று திணறுவதில்லை. பகலில் முகாமைச் சுற்றிப் பார்த்து வைத்துக்கொண்டு, அரக்கர்கள் தூங்குகிற இரவில் அவர்கள் ஆயுதத்தை முதலில் தூக்கிவிடுகிறார். துள்ள வேண்டிய கணத்தில் கட்டைவிரல் தானாகத் துள்ளுகிறது. பைக்குள் சேர்த்ததைத் தீவு எடுத்துக்கொண்டது. விரலுக்குள் சேர்ந்ததை அதால் தொட முடியவில்லை.

2023 மே 12 அன்று இதன் தொடர்ச்சி ‘டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’ வெளிவந்தது. ஆயுதம் உடைவதை எடுத்துவிடுவார்கள் என்று பலர் எதிர்பார்த்தார்கள். எடுக்கவில்லை. இருக்கிற வாள்களையும் துருப்பிடிக்க வைத்துவிட்டு, எதையும் எதோடும் ஒட்டலாம் என்று ஒரு புதுச் சக்தியைக் கொடுத்தார்கள். துருப்பிடித்த வாளில் அரக்கனின் கொம்பை ஒட்டினால் கூர்மையான ஆயுதம். தடியில் பாறையை ஒட்டினால் சம்மட்டி. கேடயத்தில் ராக்கெட்டை ஒட்டினால் ஆகாயப் பயணம். முன்பு பெரும்பாலும் கஷாயத்துக்குப் போய்க்கொண்டிருந்த கொம்புக்குத் திடீரென்று மதிப்பு ஏறிவிட்டது. புகார் சொன்னவர்களே இப்போது கொம்புக்காக வெள்ளி அரக்கர்களைத் தேடிக்கொண்டு போகிறார்கள்.