மாத்திரைக்கு மசியாத சிறுநீர்த் தொற்று

பெண்களின் சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம், குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாயின் நீளம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். அதன் வாய் ஆசனவாய்க்கும் பக்கம். கிருமி சிறுநீர்ப்பையை எட்டுவது எளிது. எரிச்சல், அடிக்கடி முட்டிக்கொண்டு வந்து சொட்டுச் சொட்டாகப் போவது ஆகியவை அறிகுறிகள்.

சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் ஆகிய ஆன்டிபயாடிக் மாத்திரைகளுக்கு இந்தியாவில் பல ஈ.கோலை கிருமிகள் இன்று அடங்குவதில்லை. மருத்துவர் சீட்டில்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்பது சட்டம். கடையில் நடப்பது பல நேரம் வேறு. சில கிருமிகள் ஈ.எஸ்.பி.எல். வகை நொதிகளைச் சுரந்து, செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகளையே சிதைத்துவிடும். இந்நொதிக்கான மரபணு பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதால், கிருமிக்குக் கிருமி கைமாறிப் பரவுகிறது.

விந்தை என்னவென்றால், 1950களில் வந்த நைட்ரோஃபியூரன்டாயின் என்ற மருந்து இன்னும் பெரும்பாலும் வேலை செய்கிறது. அது சிறுநீரில் செறிந்து, கிருமியைப் பல முனைகளில் தாக்குகிறது. ஆனால் சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி, குளிர்காய்ச்சலும் விலாவலியும் வந்துவிட்டால் அது உதவாது, வேறு மருந்து வேண்டும். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதைக் கல்ச்சர் பரிசோதனை இரண்டு மூன்று நாளில் காட்டும். அதற்கான சிறுநீரை முதல் மாத்திரைக்கு முன்பே எடுக்க வேண்டும்.