வயிற்றுப் புண்ணின் காரணத்தைத் தேடிய டாக்டர்

(ஜூபிலி விழாவையொட்டி நம் பங்கில் நடைபெற்ற நலவாழ்வுக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இந்த ஜூபிலி ஆண்டில் ஆன்மாவைப் பற்றிப் பல உரைகள் கேட்டுவிட்டோம். இன்று வயிற்றைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம். நோயாளிகளைச் சந்திக்க நாம் வீடு வீடாகச் செல்லும்போது அதிகமாகக் கேட்கும் முறையீடு, "சாமி, நெஞ்சுக்குழி எரியுது, ராத்திரியில தூக்கமே இல்லை" என்பதுதான். "சோடா குடிச்சா அடங்கிடும்" என்று வைத்தியத்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அடங்குவது எரிச்சல் மட்டுமே. உள்ளே புண் அப்படியே இருக்கும்.

இந்தப் புண் ஏன் வருகிறது என்று ஆயுள் முழுவதும் ஆராய்ந்த ஓர் அறுவை மருத்துவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் பிராங்க் டோவி. இங்கிலாந்து தேசத்தவர். நம் பிரிந்த சகோதரர்களாகிய மெதடிஸ்ட் சபையார் 1906-ல் மைசூரில் தொடங்கிய ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு ஆஸ்பத்திரியில் 1950-களிலும் 1960-களிலும் பணியாற்றியவர்.

அந்நாளில் அங்கே வந்த நோயாளிகளில் பலருக்கு இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண். பெரும்பாலும் ஆண்கள். புண் ஆறி ஆறித் தழும்பேறி, வழி அடைத்துக்கொள்ளும். நேற்றுச் சாப்பிட்டது இன்று வாந்தியாகும். உடல் எலும்பும் தோலுமாகும். கத்தியை எடுப்பதைத் தவிர அன்று வேறு வழி அதிகம் இல்லை. அறுத்தோம், தைத்தோம், அனுப்பினோம் என்று டோவி இருந்திருக்கலாம். அவரோ, "இந்த ஊரில் மட்டும் ஏன் இத்தனை பேருக்கு?" என்று கேட்டார்.

இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து விவரங்கள் திரட்டினார். அரிசிச் சோறு உண்ணும் தென்னாட்டிலும், வங்காளம், அஸ்ஸாம் பகுதிகளிலும் இந்நோய் மிகுதி. கோதுமை ரொட்டி உண்ணும் பஞ்சாப் முதலிய வடபகுதிகளில் குறைவு. இதை 1979-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார். இதற்கு ஓராண்டு முன்பே, ரயில்வே மருத்துவராயிருந்த மல்ஹோத்ரா என்பவர், அரிசி உண்போரைவிடத் தீட்டாத கோதுமை உண்போருக்குப் புண் திரும்ப வருவது குறைவு என்று எழுதியிருந்தார்.

அப்படியானால் அரிசி விஷமா? இல்லை. மிஷினில் வெள்ளை வெளேரென்று தீட்டும்போது தவிட்டோடு போய்விடுகிறதே, அதில்தான் காவல் இருக்கிறதோ என்று டோவியும் அவரோடு உழைத்தவர்களும் ஐயுற்றார்கள். எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். தவிட்டிலும் சில பயறு வகைகளிலும் உள்ள ஒருவிதக் கொழுப்புப் பொருள் புண் வராமல் காப்பதைக் கண்டார்கள். அந்தப் பயறுகளில் ஒன்று எது தெரியுமா? நாம் மாட்டுக்கு வேகவைத்துப் போடும் கொள்ளு!

சுரப்பிகளுக்கும் வயிற்றுக்கும் உறவு உண்டு. 1955-ல் சோலிஞ்சர், எலிசன் என்ற இரு அமெரிக்க அறுவை மருத்துவர்கள், எத்தனை முறை அறுத்தாலும் புண் திரும்பிய இரு நோயாளிகளைக் குறித்து எழுதினார்கள். கணையத்தில் இருந்த சிறு கட்டியே அங்கே குற்றவாளி. அது சுரக்கும் இயக்குநீர், இரைப்பையை ஓயாமல் அமிலம் சுரக்கச் செய்தது என்பது பின்னர் தெளிவாயிற்று. இது மிக அரிதான நோய். ஆனால் வலிக்கும் இடம் ஒன்று, வேர் இருக்கும் இடம் வேறு என்பதை இது காட்டுகிறது அல்லவா?

1982-ல் ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்ற இருவர் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியைக் கண்டறிந்தார்கள். அதற்காக 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று மருத்துவ உலகம் அந்தக் கிருமியையும், வலி மாத்திரைகளையும் முக்கிய காரணங்களாகக் கொள்கிறது. டோவி இதற்குப் பின்னும் ஓயவில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மைக்கேல் ஹாப்ஸ்லி என்ற பேராசிரியரோடு சேர்ந்து, "கிருமி வடக்கிலும் இருக்கிறது, தெற்கிலும் இருக்கிறது, புண் மட்டும் ஏன் தெற்கில் அதிகம்?" என்று கேட்டார். எண்பது வயதைக் கடந்த பின்பும் எழுதினார். எல்லோரும் அவர் கருத்தை ஏற்கவில்லை. ஆயினும் அந்தக் கேள்வி நேர்மையான கேள்வி.

அவர் செய்த இன்னொரு பணி நம்மில் சிலருக்கு நேரடியாகப் பயன்படும். இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கப்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். புண் போனது, ஆனால் காலப்போக்கில் இரும்புச்சத்தும் பி-12 என்ற வைட்டமினும் குறைந்து சோகை வரலாம், சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு பலவீனமாகலாம். ஆகவே இவர்களை இருபது, முப்பது ஆண்டுகள் விடாமல் கவனிக்க வேண்டுமென்று 2000-ல் ஹாப்ஸ்லியுடன் எழுதினார். தைத்த நூலைப் பிரித்ததோடு டாக்டரின் கடமை முடிந்துவிடவில்லை என்று நம்பிய மனிதர் அவர்.

எனவே நமக்குச் சில வார்த்தைகள்.

முதலாவது, கரும்பு வெட்டி, நாற்று நட்டு உடம்பு வலிக்கிறதென்று கடையில் மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் விழுங்காதீர்கள். அது இரைப்பையை அரிக்கும். புகையிலையும் சாராயமும் அப்படியே.

இரண்டாவது, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் போன்ற கசடோ வந்தாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கோரிமேட்டு ஜிப்மர் நமக்குத் தூரமில்லை. குழாய் விட்டுப் பார்ப்பார்களே என்று அஞ்சவும் வேண்டாம். கிருமி இருந்தால் இரண்டு வார மருந்தில் பெரும்பாலும் போய்விடும். பாதியில் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும், அவ்வளவே.

மூன்றாவது, முன்பு வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். களைப்பும் எலும்பு வலியும் முதுமையால்தான் என்று இருந்துவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளே, அழைத்துச் செல்லுங்கள்.

நான்காவது, கொள்ளும் கேழ்வரகும் ஏழை உணவென்று தள்ளாதீர்கள். அவை மருந்துக்கு ஈடாகா. ஆனால் நல்ல உணவு.

வந்த நோயாளிக்கு வைத்தியம் செய்வது இரக்கம். இனி யாரும் இப்படி வரக்கூடாதே என்று காரணத்தைத் தேடுவது அதனினும் பெரிய இரக்கம். படிக்கிற நம் பிள்ளைகளில் ஒருவராவது அப்படிக் கேள்வி கேட்கும் டாக்டராக வேண்டுமென்பது இந்த ஜூபிலி ஆண்டில் நம் ஆசையும் மன்றாட்டும் ஆகும்.