வலிக்கவில்லை என்று இருந்து விடாதீர்கள்!

(கொடைக்கானலில் வணிகர்கள், இளைஞர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆலிம்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “ஹஜ்ரத், சிறுநீர் சொட்டிக் கொண்டே இருக்கிறது. உளூ நிற்குமா? தொழுகை கூடுமா?” என்று வயதானவர்கள் காதோடு காதாகக் கேட்பார்கள். சிலர், “சிறுநீரில் இரத்தம் கலந்து வருகிறது, என்ன சட்டம்?” என்பார்கள். சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் புதிதாக உளூச் செய்து தொழுது கொள்ள மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. பதிலைக் கேட்டு நிம்மதியாகத் திரும்பி விடுகிறார்கள். தொழுகைக்கு வழி கிடைத்து விட்டது. நோய்க்கு?

மனைவியிடம் சொல்வதில்லை. மகனிடம் சொல்வதில்லை. மருத்துவரிடம் போவதே இல்லை. அந்த உறுப்பைப் பற்றிப் பேச நமக்கு அவ்வளவு கூச்சம். வெட்கம் ஈமானைச் சேர்ந்தது தான். ஆனால் உயிருக்கு ஆபத்து என்னும்போது மருத்துவர் முன் அவ்ரத்தைத் திறக்க அதே மார்க்கம் அனுமதித்திருக்கிறதே! மார்க்கம் திறந்து வைத்த கதவை நாம் ஏன் அடைக்கிறோம்?

வலி இல்லாததே ஆபத்து

சிறுநீரகத்தில் கல் இருந்தால் வலி உயிரை எடுக்கும். அந்த வலியே மனிதனை மருத்துவமனைக்கு இழுத்துச் சென்று விடும். சிறுநீர்ப்பையில் வளரும் கட்டி அப்படியல்ல. பெரும்பாலும் அதன் முதல் அடையாளம், வலியே இல்லாமல் சிறுநீர் சிவந்து போவதுதான். ஒரு நாள் வரும். மறுநாள் தானாகவே நின்று விடும். ஒரு மாதமோ, ஆறு மாதமோ எட்டிப் பார்க்காது.

இந்த இடைவெளியில்தான் நாம் ஏமாறுகிறோம். “உடம்புச் சூடு” என்கிறோம். இளநீர் குடிக்கிறோம், வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறோம். இரத்தம் நின்றதும் சாறுதான் குணப்படுத்தியது என்று நம்புகிறோம். கட்டியோ உள்ளே வளர்கிறது. பீட்ரூட் சாப்பிட்டாலும் சிறுநீர் சிவக்கலாம், கிருமித் தொற்றாலும் சிவக்கலாம். எது என்று சொல்ல வேண்டியது பரிசோதனை, நம் ஊகம் அல்ல.

மலையில் இன்னொரு சாக்கும் இருக்கிறது. இரவில் நாலைந்து முறை எழுந்தால் “குளிருக்கு அப்படித்தான்” என்று சொல்லி விடுகிறோம். குளிரில் சிறுநீர் கூடுவது உண்மைதான். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியவருக்குச் சிறுநீர் முக்கிமுக்கிப் போகிறது, சொட்டுகிறது, போன பின்னும் மிச்சம் இருப்பது போல் தோன்றுகிறது என்றால் அது புராஸ்டேட் சுரப்பியின் பேச்சு. பெரும்பாலும் சாதாரண வீக்கமாக இருக்கும், சில வேளை புற்றுநோயாகவும் இருக்கும். பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை ஐயத்தை எழுப்பும், முடிவு சொல்லாது. தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

இளைஞர்களே! உங்களுக்கும் ஒரு சொல். பதினைந்திலிருந்து நாற்பது வயதுக்குள் விதைப்பையில் வலியில்லாத கட்டி தென்பட்டால் ஒரு வாரம் கூடத் தள்ளிப் போடாதீர்கள். விதைப் புற்றுநோய், புற்றுநோய்களிலேயே மிக நன்றாகக் குணமாகக் கூடியவற்றுள் ஒன்று. வெட்கப்பட்டுத் தாமதித்தால் அந்த வாய்ப்பைக் கைநழுவ விடுகிறோம்.

வீட்டுப் பெண்களை மறந்து விடாதீர்கள். அவர்களுக்கு இரத்தம் கண்டால் மாதவிடாய்க் கோளாறு என்றோ, நீர்க்கடுப்பு என்றோ மாத்திரை மாற்றி மாற்றித் தரப்படுகிறது. மாத்திரை முடிந்த பின்னும் சிறுநீரில் இரத்தம் இருந்தால் அடுத்த மாத்திரை தீர்வல்ல, ஸ்கேன்தான் தேவை.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. அடுத்து வயிற்று ஸ்கேன். பிறகு சிஸ்டாஸ்கோப்பி. விளக்குப் பொருத்திய மெல்லிய குழாயைச் சிறுநீர்த் துவாரம் வழியாகச் செலுத்திப் பையின் உட்சுவரைக் கண்ணால் பார்ப்பது. சிறிய கட்டிகள் சில ஸ்கேனில் தப்பிவிடும். அதனால்தான் “ஸ்கேனில் ஒன்றுமில்லையே” என்று நாம் எழுந்து வந்து விடக் கூடாது.

ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதிய ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் அறுவைக் கருவிகளைப் படம் வரைந்து காட்டி, சிறுநீர்ப்பைக் கல்லை எடுக்கும் முறையை விளக்கினார். அந்தப் பாதையில் உலகம் நடந்து, 1877-இல் ஜெர்மானிய மருத்துவர் நிட்ஸே விளக்குக் குழாயைக் கொண்டு வந்தார். நம் முன்னோர் கூச்சப்படாமல் ஆராய்ந்த உறுப்பைக் காட்ட நாம் கூச்சப்படுவதா?

“கத்தி பட்டால் பரவி விடும்” என்று பயமுறுத்துவோர் உண்டு. சிறுநீர்ப்பைக் கட்டியை வெளியே கீறாமல் குழாய் வழியாகவே சுரண்டி எடுக்கிறார்கள். அதைப் பரிசோதித்துச் சதைக்குள் இறங்கியதா, மேலோடு நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். சிகிச்சையே அதைப் பொறுத்தது. மேலோடு நின்றால் பையைக் காப்பாற்றலாம். குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பாகப் போடுகிறோமே, சென்னை கிண்டியில் அதற்கென ஆய்வுக்கூடமே 1948-இல் தொடங்கப்பட்டதே, அந்த பி.சி.ஜி.யையே பைக்குள் செலுத்தி, கட்டி திரும்ப வருவதைக் குறைக்கிறார்கள். 1976-இல் கனடாவின் மருத்துவர் மொராலஸ் வெளியிட்ட முறை இது. எனினும் கட்டி திரும்ப வரும் சுபாவம் உள்ளது. மூன்று மாதத்தில் வரச் சொன்னால் போயே ஆக வேண்டும். “சீசன் முடியட்டும்” என்று சொல்லாதீர்கள்!

வணிகர்களுக்கு

1895-இல் பிராங்பர்ட்டில் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருவதைக் கண்டு சொன்னார். அத்தகைய சாயங்கள் பலவற்றை இந்திய அரசு தடை செய்தது 1990-களில்தான். அதற்கு முன் திண்டுக்கல்லிலும், வேறு ஊர்களிலும் தோல் பதனிடுதலிலும் சாயப்பட்டறையிலும் உழைத்த பெரியவர்கள், மருத்துவரிடம் தம் பழைய தொழிலை மறக்காமல் சொல்ல வேண்டும்.

அதைவிடப் பெரிய காரணம் புகை. புகையின் நஞ்சு இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, சிறுநீரோடு பையில் மணிக்கணக்கில் தங்குகிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகையே காரணம் என்று 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. குளிருக்கு இதமென்று பீடி பற்ற வைக்கும் சகோதரரே, கடையில் சிகரெட்டை அடுக்கி வைத்திருக்கும் சகோதரரே, கொஞ்சம் யோசியுங்கள்!

சிறுவயதில் கத்னா செய்தவர்களிடம் ஆணுறுப்புப் புற்றுநோய் மிக அரிது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சிறுநீர்ப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

பதிவு ஏன் தேவை?

ஆய்வு என்பது யாரோ எங்கோ செய்வதல்ல. நம் மாவட்டத்திலேயே ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிலிக்கையில் புற்றுநோய்ப் பதிவேடு நடத்தப்பட்டு, உலகப் பதிவேடுகளோடு சேர்ந்தது. இம்மாவட்டக் கிராமப் பெண்களிடம் 2000-இல் தொடங்கிய கருப்பைவாய்ப் பரிசோதனை ஆய்வில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் அந்நோயால் ஏற்பட்ட மரணம் 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் வெளியான இம்முடிவை உலகமே கவனித்தது. எளிய பெண்கள் கூச்சத்தை வென்றதன் பலன் அது.

பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஊர் அறியும். இங்கிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கக் கூடியது. அதனால் கட்டி வரும் என்று நான் சொல்லவில்லை. உடல் கெட்டது என்று தொழிலாளர்கள் சொன்னார்கள், நிர்வாகம் மறுத்தது. 591 பேருக்கு உடன்பாடு கிடைத்தது 2016-இல். ஆகவே ஒவ்வொரு பரிசோதனைத் தாளையும், ஸ்கேன் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். அது உங்கள் சாட்சி.

செய்ய வேண்டியது

சிறுநீரில் ஒரே ஒரு முறை இரத்தம் கண்டாலும் மலையிறங்குங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் சிறுநீரகவியல் துறை இருக்கிறது. திண்டுக்கல்லில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டுள்ளது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருவதை இளைஞர்கள் பொறுப்பேற்க வேண்டும். பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலைக் கிராமத்து ஏழைக்குப் பேருந்துச் செலவும், துணைக்கு ஓர் ஆளும் ஜமாஅத் தர வேண்டும். எந்த மதத்தவர் கேட்டாலும் தர வேண்டும். ஆலிம்களிடம் உளூச் சட்டம் கேட்டு வருபவர், மருத்துவர் அறைக்கும் வழி தெரிந்து கொண்டு திரும்ப வேண்டும்.

கடையை இரண்டு நாள் அடைத்தால் வியாபாரம் கொஞ்சம் குறையும். வீட்டின் தூண் சாய்ந்தால்? வல்ல இறைவன் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும், காலத்தில் விழித்துக் கொள்ளும் நல்லறிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.