இருளும் ஒரு பொதுச் சொத்து

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரை)

வானியல் என்றதும் மலையுச்சியில் அமைந்த பெரிய தொலைநோக்கியும் கோடிக்கணக்கான செலவுமே பலருக்கு நினைவு வருகின்றன. ஆயினும் ஊதியமின்றி, ஆர்வம் ஒன்றையே முதலாகக் கொண்டு வானை நோக்குவோருக்கும் அத்துறையில் இடம் உண்டு. ஒளி கூடியும் குறைந்தும் வரும் விண்மீன்கள் ஏராளம். அவற்றை இரவுதோறும் கண்டு குறித்துவைக்க எந்த ஆய்வுக்கூடத்திலும் போதிய ஆட்கள் இல்லை.

பிரிவினைக்கு முந்தைய வங்காளத்தின் ஜெஸ்ஸூர் நகரக் கருவூலத்தில் பணியாற்றிய ராதா கோவிந்த சந்திரா இவ்வகையில் முன்னோடி. பள்ளி இறுதியில் எழுதும் நுழைவுத் தேர்வில் தேறாதவர் அவர். 1910இல் ஹாலி வால்மீனைக் கண்ட ஆர்வத்தில், 1912இல் 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். 1918 ஜூனில், திருவோணம் அமைந்த கழுகு மண்டலத்தில் திடீரெனச் சுடர்ந்த புதிய மீனைத் தாமாகவே கண்டறிந்தார். 1919 முதல் 1954 வரை அவர் அமெரிக்க மாறொளி மீன் நோக்கர் சங்கத்துக்கு அனுப்பிய பதிவுகள் 37,000க்கும் மேற்பட்டவை. அச்சங்கம் 1926இல் அவருக்கு 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தது. அது பின்னாளில் வைணு பாப்புவிடம் சேர்ந்து, தமிழ்நாட்டின் காவலூரை அடைந்தது. அலுவலகம் மூடிய பிறகே விண்மீன்கள் தோன்றுகின்றன என்பது அரசு ஊழியருக்கு ஒரு வசதிதான்!

இன்று கண்ணின் பணியில் பெரும்பகுதியைக் கேமரா ஏற்றுக்கொண்டுள்ளது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், நிலையான முக்காலியில் வைத்து நெடுநேரம் எடுக்கும் படத்தில் விண்மீன்கள் கோடுகளாக நீண்டுவிடும். 500ஐ வில்லையின் குவியத் தொலைவால் வகுத்தால் ஏறத்தாழ எத்தனை விநாடி திறந்துவைக்கலாம் எனத் தெரியும்; 25 மில்லிமீட்டர் வில்லைக்கு 20 விநாடி. அவ்வாறு எடுத்த பல படங்களைக் கணினியில் ஒன்றன்மீது ஒன்றாகச் சேர்த்தால், கண்ணுக்குப் புலப்படாத ஒண்முகிலும் தெளிவுறும்.

ஆனால், வானம் வெளுத்திருந்தால் எக்கருவியாலும் பெரும்பயன் இல்லை. 2015இல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின் கீழ் ஒரு கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்பட்டன. மின் சிக்கனம் மறுக்கத்தக்கதன்று. எனினும், ஒரு பொருள் மலிவானால் அதன் நுகர்வு பெருகும் என்பது ஒளிக்கும் பொருந்தும். தேவையற்ற இடங்களிலும் விளக்குகள் எரிகின்றன. நீலம் மிகுந்த வெண்ணொளி காற்றில் அதிகம் சிதறவும் செய்கிறது. வானத்தை நோக்கிப் பாயும் ஒளியால், இரவில் தனித்து நடக்கும் பெண்ணுக்கு என்ன பாதுகாப்பு? விளக்குக்கு மூடியிட்டு ஒளியைக் கீழ்நோக்கித் திருப்புவதும், மஞ்சள் சாயல் கொண்ட விளக்கைத் தேர்வதும் பெருஞ்செலவுக்குரியவை அல்ல. ஒப்பந்தப்புள்ளி விவரக்குறிப்பில் இரண்டு வரிகள் சேர்த்தால் போதும். அதைச் சேர்ப்பவர் யார் என்பதே சிக்கல்.

லடாக்கின் ஹான்லேயில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் அமைந்த பகுதி 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அவ்வூர் மக்கள் சன்னல்களுக்குத் தடித்த திரை இடுகின்றனர். பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் பயணிகளுக்குத் தொலைநோக்கி வழியே வானைக் காட்டி வருவாய் ஈட்டுகின்றனர். இத்தகைய வருவாய்க்கு வழியில்லாத சமவெளி நகரங்களில் மக்களிடம் தியாகத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று. அங்கு மூடியின் செலவை நகராட்சியே தன் வரவு செலவுத் திட்டத்தில் ஏற்க வேண்டியிருக்கும்.